சலேத்துக்கு ஒரு பாவம் வேண்டும்

மாலை மணி அடித்ததும் சலேத்தின் இடது காதுக்குப் பின்னால் பொட்டுப்போல இருந்த பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டி நின்றது. அன்று முழுவதும் அவள் ஒரு தவறும் செய்யவில்லை என்பது அதன் பொருள். அவளுடைய தாய் ஜெனோவா அந்த விளக்கைப் பார்த்தாள். பிள்ளை கால் கழுவிவிட்டு வந்திருக்கிறாளா என்று பார்ப்பது போன்ற பார்வைதான். பனித்துறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா நாளும் பச்சைதான் எரியும்.

பனித்துறை, வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் இருக்கிறது. அந்தக் கோளின் மேல்தோல் முழுவதும் பனிக்கட்டி. அதற்கு அடியில் கடல். பனியின் அடிப்பக்கத்திலிருந்து விளக்குக்கூடுகளைப்போலத் தொங்கவிடப்பட்ட அறைகளில் மனிதர்கள் குடியிருந்தார்கள். கடலடியில் கிடக்கும் தாதுக் கட்டிகளை மூழ்கி எடுப்பது அவர்கள் வேலை. முக்குளிப்பில் பழகியவர்கள் வேண்டும் என்று நிறுவனம் தூத்துக்குடிக் கரையில் வந்து ஆள் கேட்டது. புனிதர்களின் சுரூபங்களையும் செபமாலைகளையும் கட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இங்கே வந்து சேர்ந்தார்கள்.

அறையின் சுவருக்கு அப்பால் கருங்கடல். ஒரு பிள்ளை விளையாட்டாக ஒரு திருகியைத் திருப்பினால் நாற்பது குடும்பங்கள் மூழ்கிப்போகும். அதனால்தான் இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நடத்தை ஒழுங்கியைப் பொருத்திவிடுவார்கள். அரிசிமணி அளவுள்ள கருவி அது. பொய் சொல்ல, அடிக்க, திருட, பெரியவர் சொல்லை மீற மனம் எழும் நேரத்தில் மெல்லிய மின்னோட்டம் ஒன்று அந்த எண்ணத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். வலிக்காது. என்ன செய்ய வந்தோம் என்பதைப் பிள்ளை மறந்துவிடும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் இதைப் பொருத்தலாமா என்று ஒருமுறை வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பெரியவர்கள். முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கும் மொழியும் கற்றுத்தரப் பனித்துறையில் இயந்திரங்கள் இருந்தன. ஞான உபதேசத்தை மட்டும் தாய் தகப்பன்தான் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் திருச்சபை பிடிவாதமாக இருந்தது. அந்தப் பிடிவாதம் ஜெனோவாவுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்து, பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு, அவள் சொல்லும் "ஸ்தோத்திரம்" என்ற வணக்கத்தை வாங்கிக்கொண்ட பிறகு உபதேசம் தொடங்கும். பத்துக் கட்டளைகள், ஞானஸ்நானம் முதலான ஏழு தேவதிரவிய அனுமானங்கள், விசுவாச மந்திரம் எல்லாவற்றையும் சலேத் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்.

ஆதாம் ஏவாள் கதையில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏவாளுக்கு ஒழுங்கி கிடையாதாம்மா?"

"அப்ப அதெல்லாம் ஏதுட்டி?"

"சர்வேசுரன் நினைச்சிருந்தா பொருத்தியிருக்கலாம்லா?"

அறையின் மூலையில் நீர்க்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தகப்பன் இன்னாசி சிரித்துவிட்டான். "பதில் சொல்லு ஜெனோ. நானும் இதைத்தான் நெடுநாளாக் கேக்கணும்னு இருந்தேன்."

"நீங்க சும்மா இருங்க. பிள்ளையக் கெடுக்கதே நீங்கதான்" என்றாள் ஜெனோவா. இந்த வாக்கியத்தை அவள் நாள்தோறும் ஒருமுறையாவது சொல்வாள்.

கவலை தொடங்கியது, செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனையில்தான். வருகிற சனிக்கிழமை சாமியார் கப்பல் வருகிறது. வியாழனின் துணைக்கோள்களுக்கெல்லாம் சேர்த்து லியோன் சாமியார் ஒருவர்தான். ஒரு சுற்று முடித்து மறுபடி பனித்துறைக்கு வர அவருக்கு நான்கு ஆண்டுகள் பிடிக்கும். சனிக்கிழமை அவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. வானொலி வழியாகப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. எட்டு வயதான சலேத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே வெள்ளை உடுப்பு தைத்து வைத்திருந்தார்கள்.

"சரி, இப்ப உன் பாவங்களை நினைச்சுப் பாரு. பொய் சொல்லியிருக்கியா?"

சலேத் கண்ணை மூடி நினைத்தாள். "இல்லம்மா."

"யாரையாவது அடிச்சியா? கிள்ளினியா?"

"இல்லம்மா."

"அப்பா அம்மா பேச்சைக் கேக்காம இருந்திருப்பியே?"

"எப்பம்மா?"

ஜெனோவாவும் நினைத்துப் பார்த்தாள். அவளுக்கும் அகப்படவில்லை. பிறந்த நாளிலிருந்து பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் பக்கத்து அறையிலேயே இருந்தது. போன முறை சாமியார் வந்தபோது பக்கத்து அறை மெற்றில்டாவின் மகள் டெல்பின் உள்ளே போய், "எனக்குப் பாவம் ஒன்றும் இல்லை சாமி" என்று உண்மையைச் சொன்னாள். தனக்குப் பாவமில்லை என்பவள் இன்னும் தயாராகவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த விதி பூமியில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஒழுங்கி பொருத்திய பிள்ளையைக் கண்ணால் கண்டதில்லை. டெல்பினுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டிய உயரத்தை எப்போதோ தாண்டிவிட்டாள். தாயாருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று பனித்துறை முழுவதும் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஜெனோவாவும் ஒருத்தி.

ஆகவே அவள் தன் தாய் தனக்குச் செய்ததைச் செய்தாள். தூத்துக்குடியில் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாவங்களைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது வழக்கம். தலைமுறை தலைமுறையாக அதே பாவங்கள்தான்.

"நான் சொல்லுததைத் திருப்பிச் சொல்லு. பொய் சொன்னேன். சண்டை போட்டேன். அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியல. செபம் சொல்லாமத் தூங்கினேன். சீனி திருடித் தின்னேன்."

"நான் தின்னலையேம்மா."

"தின்னதாச் சொல்லு."

சலேத் கீழ்ப்படிந்து வாயைத் திறந்தாள். "பொய் சொன்…" என்றவள் அப்படியே நின்றாள். முகம் தெளிந்து புன்னகை வந்தது. "என்னமோ சொல்ல வந்தேன், என்னதும்மா அது?"

பொய் சொன்னேன் என்று சொன்னால் அது பொய். சொல்லாவிட்டால் தாய் சொல்லை மீறுவதாகும். எந்தப் பக்கம் போனாலும் ஒழுங்கி வழிமறித்தது. பத்துத் தடவை முயன்றார்கள். ஜெனோவாவுக்குத்தான் தலைவலி வந்தது. பிள்ளை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுந்தவளைப்போல மலர்ச்சியாக இருந்தாள்.

மறுநாள் குடிநீர்க் குழாயடியில் மெற்றில்டா கேட்டாள்: "என்ன ஜெனோவா, சலேத்து தயாரா?"

"தயாரான்னா கேக்குதீங்க அக்கா? நேத்து ஆன்ம சோதனையில பிள்ளை தேம்பித் தேம்பி அழுதுட்டா. செஞ்ச பாவத்துக்கு அவ்வளவு மனஸ்தாபம்."

"குடுத்து வச்சவ நீ" என்றாள் மெற்றில்டா. கொஞ்சம் தள்ளிக் குடத்துடன் நின்ற சலேத் தாயை வியப்போடு பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை இன்னாசி தன் சிநேகிதன் கஸ்பாரை அழைத்து வந்தான். ஒழுங்கிகளைப் பராமரிப்பது கஸ்பாரின் வேலை. பழுது பார்க்கும்போது கருவியைக் கொஞ்ச நேரம் உறங்கவைக்கலாம். பழுதில்லாதபோது அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம்.

"அரைமணி நேரம், மதினி. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றான் கஸ்பார். "அதுக்குள்ள ஒரு பாவம் செஞ்சு முடிச்சிரணும்."

"ஒண்ணு போதும் தம்பி. நாங்க பேராசைப்படல."

பாவத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளை ஜெனோவா ஒழுங்காகச் செய்தாள். சாமியாருக்குக் கொடுப்பதற்காகச் சரக்குக் கப்பலில் தருவித்த தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா இருந்தது. முந்திரியும் முட்டை வெண்கருவும் சீனியும் சேர்த்துச் செய்த, வாயில் வைத்தால் கரையும் பண்டம். அதை மேசை நடுவில் வைத்து, மூடியைப் பாதி திறந்தாள்.

"இது சாமிக்குள்ளது. தொடப்படாது. தொட்டா அம்மா கண்டுபிடிக்கவே முடியாது, எண்ணி வைக்கல. ஆனா தொடப்படாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் மூவரும் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

கஸ்பார் கையிலிருந்த கருவியை அழுத்தினான். பச்சை விளக்கு அணைந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சலேத் தன் மனத்தோடு தனியாக இருந்தாள்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். காலை ஆட்டினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"எடுட்டி, எடு" என்று ஜெனோவா தடுப்புக்குப் பின்னால் முணுமுணுத்தாள். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். எதற்காக நேர்ந்துகொள்கிறோம் என்பதை மாதாவிடம் விளக்கவில்லை.

கடைசியில் சலேத் எழுந்து மேசையருகே போனாள். கையை நீட்டினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மூடியை எடுத்து டப்பாவை இறுக்க மூடினாள்.

"அம்மா! டப்பா சரியா மூடல. நமுத்துப் போவும்" என்று குரல் கொடுத்தாள்.

"ஒரே நாள்ல வந்துருமா?" என்றான் இன்னாசி. "பாவத்துக்கும் பழக்கம் வேணும்லா." அவன் வந்து டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். கஸ்பாருக்கு ஒன்று கொடுத்தான். ஜெனோவா ஆத்திரத்தில் இரண்டு தின்றாள். அதற்குள் அரைமணி நேரம் முடிந்து, பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

"நாளைக்குச் சாமி கேட்டா, மக்ரூன் எடுத்துத் தின்னேன்னு எப்படியாவது சொல்லிருட்டி" என்று ஜெனோவா மகளின் தோளைப் பிடித்து மன்றாடினாள். "இல்லாட்டி நாலு வருசம். டெல்பின் கதிதான் உனக்கும்." அன்று மாலை அவள் உபதேசம் நடத்தவில்லை.

சனிக்கிழமை காலை கப்பல் வந்தது. லியோன் சாமியார் எடையற்ற பயணத்தில் முகம் வீங்கி, கால்கள் மெலிந்து, பாட்டா செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தார். முக்குளிப்பவர்களுக்கான பழைய அழுத்த அறை ஒன்றை ஒழித்துக்கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் முழங்காலில் நிற்க ஒரு பலகை. வெளியே பிள்ளைகளும் தாய்மாரும், அவர்களுக்குப் பின் ஆண்களும் வரிசையாக நின்றார்கள்.

எப்படியோ டெல்பின் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். அபராதமாகப் பத்து அருள்நிறை மந்திரம் கிடைத்ததாகச் சொன்னாள். மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்படி என்று ஜெனோவா கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவள் இல்லை, ஏனென்றால் அடுத்தது சலேத்.

சலேத் உள்ளே போனாள். கதவு மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை.

முதலில் ஜெனோவா செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொன்னாள். பிறகு இன்னொரு பத்து. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு பாவமா?" என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். அந்தச் சொல் ஜெனோவாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. அவள் வாழ்நாளில் பிள்ளையைப்பற்றிக் கேட்ட எந்தப் புகழ்ச்சியும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை. உள்ளேயிருந்து ஒருமுறை சாமியார் இருமுவது கேட்டது. அது இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

கதவு திறந்தது. சலேத் சிரித்துக்கொண்டே வந்தாள். "மன்னிப்புக் குடுத்துட்டாங்கம்மா. அபராதம் மூணு அருள்நிறை மந்திரம். நாளைக்குப் புதுநன்மை."

ஜெனோவா அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். உடனே கையைப் பிடித்துக் குழாய்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பாவசங்கீர்த்தன இரகசியம் சாமியாரைத்தான் கட்டுப்படுத்தும், பிள்ளையை அல்ல என்பது உபதேசத்தில் இருந்தது.

"என்னட்டி சொன்ன? மக்ரூனா?"

"இல்லம்மா. என்ன பாவம் செஞ்சேன்னு கேட்டாங்க. என்கிட்ட ஒண்ணும் இல்லன்னேன். வீட்டுல யார் சொல்லித்தந்தாங்கன்னு கேட்டாங்க. அம்மான்னேன். என்னல்லாம் சொல்லித்தந்தாங்கன்னு கேட்டாங்க."

"அதுக்கு?"

"எல்லாத்தையும் சொன்னேன். நான் அழவே இல்ல, அழுதேன்னு மெற்றில்டா அத்தைகிட்ட அம்மா சொன்னாங்கன்னு சொன்னேன். கஸ்பார் சித்தப்பா விளக்கை அணைச்சதைச் சொன்னேன். சாமிக்குள்ள மக்ரூனை அப்பா ஒண்ணு, சித்தப்பா ஒண்ணு, அம்மா ரெண்டு தின்னாங்கன்னு சொன்னேன். பொய்யாப் பாவம் சொல்லுன்னு அம்மா சொன்னாங்கன்னு சொன்னேன்."

யாருக்காவது கேட்டுவிட்டதா என்று ஜெனோவா குழாய்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் மெற்றில்டா அத்தையைப்பத்தி அம்மா என்ன பேசுவாங்கன்னு சொன்னேன். குழாயடியில எல்லாரையும்பத்தி எல்லாரும் பேசுறதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் ஞாபகம் வந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நிறுத்தவே முடியல. சாமிதான் போதும்மான்னாங்க."

"பிறகு எதுக்குட்டி மன்னிப்பு?"

"அதுக்குத்தான். மத்தவங்க குற்றத்தை இவ்வளவு ஆசையாச் சொன்னேன்லா, அதான் பாவமாம். புறணியாம். அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதே. வீட்டுல அதை யாரும் சொல்லித்தரல."

பிள்ளையின் காதுக்குப் பின்னால் விளக்கு பச்சையாகவே எரிந்தது. கருவியில் பழுது ஒன்றும் இல்லை. ஒழுங்கியை முதன்முதலில் வரைந்த பொறியியலாளர்கள் தடுக்க வேண்டிய குற்றங்களில் புறணியையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக அதைத் தங்கள் காதுகளுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார்கள். மதிய உணவு மேசையில் பேச்சு நின்றுபோனது. எதையோ சொல்ல வாயெடுப்பதும், மறந்துபோய்ப் புன்னகைப்பதுமாக அமர்ந்திருந்தார்கள். வீடுகளில் கணவனும் மனைவியும் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். தடுக்கப்படுவது குற்றம் அல்ல, உரையாடல் என்று அவர்கள் ஒருமனதாக முடிவு செய்து அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

"அடுத்து யாரு?" என்று அழுத்த அறைக்குள்ளிருந்து சாமியாரின் குரல் வந்தது.

பிள்ளைகளில் சலேத்தான் கடைசி, அவர்களுக்குப் பின் தாய்மார். அவர்கள் வரிசையில் முதல் இடம் ஜெனோவாவுடையது. இன்று வேண்டாம் என்று விலகினால் மெற்றில்டா பார்ப்பாள். அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். பலகையில் முழங்கால் ஊன்றினாள். திரைக்கு அப்பால் இருப்பவருக்குத் தன்னை அடையாளம் தெரியக்கூடாது என்று குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் சாமி. என்னை ஆசீர்வதியும், நான் பாவி."

"சொல்லும்மா."

"சாமி, பிள்ளைக்கு ஒரு பாவமும் வரலன்னு ஒரு வீட்டுல சின்ன ஏற்பாடு நடந்துச்சு. அதைச் செஞ்சது என் வீட்டுக்காரரு. கஸ்பாரைக் கூட்டியாந்ததும் அவருதான். டப்பாவை முதல்ல தொறந்ததும் அவருதான் சாமி. அந்தக் கஸ்பார் தம்பி இருக்கானே, சட்டம் தெரிஞ்சவன், அவனாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். பிறகு இந்த மெற்றில்டா அக்கா, குழாயடியில நின்னு வாயைக் கிண்டலன்னா நான் எதுக்கு…"

"அம்மா" என்றார் சாமியார் களைத்த குரலில். "அவங்க எல்லாரும் வெளிய வரிசையில நிக்காங்க. அவங்கவங்க பாவத்தை அவங்கவங்க வந்து சொல்லுவாங்க. நீ உன்னுடையதைச் சொல்லு."

"என்னுடையதா, சாமி?"

"ஆமா. உன்னுடையது மட்டும்."

ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு ஆன்ம சோதனை செய்தாள். அவள் மேம்போக்காகச் செய்யவில்லை. பிள்ளைக்குச் சொல்லித்தந்த முறைப்படி, கட்டளை கட்டளையாகச் செய்தாள். பொய் என்று பார்த்தால், சொன்னதெல்லாம் பிள்ளையின் ஆத்தும நன்மைக்காக. திருட்டு என்று பார்த்தால், அவள் பணம் கொடுத்துத் தருவித்த பண்டம். கோபம் என்றால், கோபப்படவைத்தது இன்னாசி. பிறரைப் பேசியது என்றால், பேசியது ஒன்றும் இல்லாதது அல்ல, எல்லாம் நடந்ததுதான்.

திரைக்கு அப்பால் சாமியார் காத்திருந்தார். கதவுக்கு வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஜெனோவா கவலையோடு இன்னும் ஒருமுறை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.